அறுமீனைக் கட்டியிருப்பது எது?



சென்ற வாரம் வாலிபர் கூடுகை முடிந்து ஆலய வாசலில் நின்றிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் தம்முடைய கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி. யோபின் புத்தகம் 38-ஆம் அதிகாரத்தில், அறுமீனைப் பிணைக்கவும் மிருகசீரிஷத்தின் கட்டுகளை அவிழ்க்கவும் உன்னால் ஆகுமோ என்னும் பொருளில் தேவன் யோபுவிடம் கேட்கிறார் அல்லவா? அந்தக் கேள்விக்குள் அறிவியல் உண்மை ஒன்று ஒளிந்திருப்பதாக அச்செய்தி சொன்னது. அறுமீன் நட்சத்திரங்கள் ஈர்ப்பு விசையால் கட்டுண்டவை, மிருகசீரிஷத்தின் நட்சத்திரங்களோ பிரிந்து செல்பவை, இதை விஞ்ஞானிகள் இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருந்தது. "ஐயா, இது மெய்தானா?" என்று அவர் கேட்டார்.

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. காரணத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில் ஊழியம் செய்த நாட்களில், இதே செய்தியை நான் பிரசங்க பீடத்திலிருந்து சொன்னேன். ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்ததை ஆராயாமல் அப்படியே சொன்னேன். ஆராதனை முடிந்தபின், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்து, பிறர் காதில் விழாதபடி, "ஐயா, அறுமீனும் கலைந்துகொண்டுதான் இருக்கிறது" என்றார். நான் புன்னகை செய்து, "பார்ப்போம் சார்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். பார்க்கவே இல்லை. அவர் இன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்திருக்கிறார்.

ஆகவே இந்த வாரச் சிந்தனையை அந்தத் தம்பிக்கு மறுமொழியாகவும், அந்த ஆசிரியருக்கு நான் செலுத்தத் தவறிய கடனாகவும் எழுதுகிறேன். நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கின்றனவா என்னும் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் திருச்சபையின் ஊழியர்கள் பலருக்குப் பங்கு உண்டு என்பதையும், அவர்கள் வேலை செய்த முறை இந்த வாட்ஸ்அப் செய்தியின் முறைக்கு முற்றிலும் மாறானது என்பதையும் காண்பீர்கள்.

முதலில் கேள்வியை விளங்கிக்கொள்வோம். இரவில் ஊருக்கு வெளியே நின்று பாருங்கள். இரண்டு விளக்குகள் அருகருகே தெரிகின்றன. அவை ஒரே வீட்டுத் திண்ணையின் இரு விளக்குகளாக இருக்கலாம். அல்லது ஒன்று பக்கத்து வயலின் மோட்டார் கொட்டகை விளக்காகவும், மற்றது ஐந்து மைல் தொலைவிலுள்ள குன்றின்மேல் எரியும் விளக்காகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வானத்தில் நெருங்கித் தோன்றும் நட்சத்திரங்களைக் குறித்து மனிதர் கேட்ட கேள்வியும் இதுவே: இவை ஒரே திசையில் தற்செயலாகத் தெரிகின்றனவா, அல்லது மெய்யாகவே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவையா?

நம் அயலகத்தாரின் திருமணங்களில் மணமக்களுக்கு அருந்ததி காட்டுகிற வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். வசிட்டன் என்ற நட்சத்திரத்தின் அருகே மங்கலாகத் தெரிவது அருந்ததி. மேனாட்டார் வசிட்டனை மிசார் என்றும் அருந்ததியை ஆல்கோர் என்றும் அழைக்கிறார்கள். 1617-ஆம் ஆண்டு ஜனவரியில், பெனெடெட்டோ காஸ்டெல்லி என்னும் துறவி, தம் ஆசிரியரான கலிலியோவுக்குக் கடிதம் எழுதி, மிசாரைத் தொலைநோக்கியில் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். கலிலியோ பார்த்தார். நாம் ஒன்று என நினைக்கும் வசிட்டனே இரண்டாகத் தெரிந்தது.

1685-இல், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கிய இயேசு சபைக் குருமார், தென்சிலுவையின் மிகப் பிரகாசமான நட்சத்திரம் இரட்டை என்று கண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1689 டிசம்பரில், அதே சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருவானவர் ரிஷோ, நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் ஒரு வால்மீனைக் கவனித்துக்கொண்டிருந்தார். அப்போது தெற்கே தாழ்வாக ஒளிரும் ஆல்பா சென்டாரி நட்சத்திரம் அவருடைய தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. அதை அவர் குறித்து வைத்தார். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பத்தைத் தாம் பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அக்காலத்தில் அது எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஜோடிகள் பார்வைக்கு நேரும் தற்செயல் என்றே அந்நாட்களில் பெரும்பாலோர் எண்ணினர்.

தற்செயல் என்ற அந்த எண்ணத்தைக் கணக்குப் போட்டு அசைத்தவர் ஜான் மிச்செல். இவர் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1767 முதல் தம் வாழ்நாள் முடியும்வரை யார்க்ஷயரில் தார்ன்ஹில் என்னும் ஊரின் ஆலயப் பொறுப்பை ஏற்றிருந்தார். அதே 1767-இல், லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு பெரிய களத்தில் நெல்மணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைத்தால், சில மணிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு? நட்சத்திரங்களும் இப்படி ஒழுங்கின்றி இறைக்கப்பட்டிருந்தால், இத்தனை ஜோடிகள் இவ்வளவு நெருக்கமாகத் தெரியுமா? (நெல்மணி உவமை என்னுடையது, கணக்கு அவருடையது.)

அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்றைக் கவனியுங்கள். அது யோபின் புத்தகத்தில் வரும் அதே அறுமீன். அதன் ஆறு பிரகாசமான நட்சத்திரங்கள் தற்செயலாக இவ்வளவு சிறிய இடத்தில் கூடித் தெரிவதற்கு எதிராக, ஏறக்குறைய 5,00,000-க்கு 1 என்ற அளவில் சான்று இருப்பதாக அவர் கணித்தார். எனவே இவை மெய்யாகவே ஒரு கூட்டம். ஈர்ப்பு விசையோ வேறொரு நியதியோ இவற்றைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

மிச்செல் ஒரு குருவானவர். யோபின் புத்தகம் அவர் அறியாததல்ல. அவர் விரும்பியிருந்தால், "வேதம் முன்பே சொல்லிவிட்டது" என்று எழுதிக் கணக்கை விட்டுவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அறுமீனை எண்ணினார், அளந்தார், தம் முடிவை மற்றவர்கள் சோதித்துப் பார்க்கும் வகையில் எழுதினார். ஆனாலும் அவருடைய வாதம் உடனே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கணக்கு ஒன்றே இருந்தது. ஒரு நட்சத்திரம் மற்றொன்றைச் சுற்றுவதை எவரும் கண்ணால் கண்டதில்லை.

கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்து, இங்கிலாந்துக்கு வந்து, பாத் நகரின் ஆக்டகன் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பகலில் இசை, இரவில் வானம். தம் கையாலேயே கண்ணாடிகளைத் தேய்த்துத் தொலைநோக்கிகள் செய்தார். அவருடைய தங்கை கரோலின் இரவுதோறும் உடனிருந்து குறிப்புகளை எழுதி உதவினார்.

ஹெர்ஷல் இரட்டை நட்சத்திரங்களைத் தேடியதற்குக் காரணம் வேறு. உங்கள் பெருவிரலை முகத்துக்கு முன்னே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எதிர்ச்சுவரை ஒப்பிடும்போது விரல் இடம் மாறித் தோன்றும். அதுபோல, இரட்டையில் ஒன்று அருகிலும் மற்றது வெகு தொலைவிலும் இருந்தால், பூமி சூரியனைச் சுற்றிவரும்போது அருகிலுள்ளது சற்றே நகர்ந்து தோன்ற வேண்டும். அந்த நகர்வை அளந்தால் நட்சத்திரத்தின் தொலைவை அறியலாம். ஆக, இரண்டும் தொடர்பற்றவை என்ற நம்பிக்கையிலேயே அவருடைய முயற்சி முழுவதும் நின்றது. 1782-இல் 269 இரட்டைகளைப் பட்டியலிட்டார். 1785-இல் மேலும் 434. மிச்செலின் கருத்தை ஏற்க இன்னும் காலம் வரவில்லை என்பதே அப்போது அவருடைய நிலை.

ஆண்டுகள் கடந்தன. தாம் முன்பு அளந்த ஜோடிகளைத் திரும்ப அளந்தார். மிதுன ராசியின் காஸ்டர் என்னும் நட்சத்திரம் அவற்றுள் ஒன்று. மெலித்தா தீவிலிருந்து பவுல் அப்போஸ்தலன் ஏறிச் சென்ற கப்பல் மிதுனம் என்ற அடையாளத்தைக் கொண்டிருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோமே, அந்த இரட்டையரில் ஒருவனின் பெயர்தான் இது. காஸ்டரின் இரண்டு நட்சத்திரங்களும் இடம் மாறியிருந்தன. ஆனால் அந்த மாற்றம் பூமியின் ஓட்டத்தால் வரும் மாற்றமாக இல்லை. ஒன்றையொன்று சுற்றுவதால் வரும் மாற்றமாக இருந்தது. பிராட்லி என்னும் வானியலார் 1759-இல் விட்டுச்சென்ற குறிப்போடும் ஒப்பிட்டுப் பார்த்து, 1803-இல் தம் முடிவை வெளியிட்டார். காஸ்டரின் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 342 ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார். இன்றைய கணக்கு ஏறக்குறைய 450 ஆண்டுகள் என்கிறது.

கழுதைகளைத் தேடிப்போன சவுல் ராஜ்யத்தைக் கண்டடைந்த கதை உங்கள் நினைவுக்கு வரும். தொடர்பின்மையை நம்பித் தேடியவர் பிணைப்பைக் கண்டார். கண்டதும் தம் முந்தைய எண்ணத்தை மாற்றிக்கொண்டு அதை வெளிப்படையாக எழுதினார். மிச்செல் அதைக் கேட்க உயிரோடு இல்லை. அவர் 1793-இல், பத்தாண்டுகளுக்கு முன்பே, மரித்துவிட்டார்.

1827-இல் பிரான்சு நாட்டு ஃபெலிக்ஸ் சாவாரி, பெருங்கரடி மண்டலத்தின் பின்னங்கால் பக்கத்தில் உள்ள ஓர் இரட்டையின் பாதையை முழுமையாகக் கணித்தார். அவை ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீள்வட்டத்தில் சுற்றிவருகின்றன. மரத்திலிருந்து கனியை விழச்செய்யும் அதே நியதி, சூரிய மண்டலத்துக்கு அப்பாலும் ஆளுகிறது என்பது அன்று தெளிவாயிற்று.

இந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1855-இல் சென்னை வானாய்வகத்தின் ஜேக்கப் என்னும் அதிகாரி, 70 ஒபியுகி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதையில் ஒரு தடுமாற்றத்தைக் கண்டு, அங்கே கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருள், ஒரு கோள், இருப்பது பெரிதும் சாத்தியம் என்று அறிவித்தார். அவர் கவனமாக உழைத்த மனிதர். ஆயினும் அது தவறு. 1899-இல் அமெரிக்கரான மோல்டன், இந்த இரட்டையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அப்படிப்பட்ட மூன்றாவது பொருள் அங்கே நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்கால் காட்டினார். உண்மையுள்ளவரும் தவறலாம். ஜேக்கப் தம் அளவுகளை எழுதி வைத்திருந்ததனால், அவர் தவறியதையும் பின்வந்தவர்கள் கண்டறிய முடிந்தது. நான் பிரசங்கத்தில் சொன்னதற்கு அப்படி எந்த அளவும் ஆதாரமாக இல்லை.

இனி, இந்தக் கட்டு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். வானவெளியில் வாயுவும் தூசியும் நிறைந்த பெரும் மேகங்கள் உள்ளன. பூஜ்யத்துக்குக் கீழே 260 பாகை அளவிலான குளிர் அங்கே நிலவுகிறது. வாயுவின் வெப்பம் மேகத்தை விரிக்கப் பார்க்கும். அதன் சொந்த எடை அதை உள்ளே இழுக்கும். எடை வெல்லும்போது மேகம் சரிந்து சுருங்கும் என்பதை 1902-இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் கணக்கிட்டு விளக்கினார். சுருங்கும் மேகம் பெரும்பாலும் ஒரே உருண்டையாகத் திரள்வதில்லை. உள்ளே கொந்தளிப்பு இருப்பதனால் பல கட்டிகளாக உடைகிறது. ஒவ்வொரு கட்டியும் சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்று, தட்டைப்போல் பரவுகிறது. அந்தத் தட்டு கனத்ததானால், அதுவும் உடைந்து புதிய நட்சத்திரங்களைப் பிறப்பிக்கிறது. 2016-இல் சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கி, ஏறக்குறைய 750 ஒளியாண்டு தொலைவில் இதைப் படம் பிடித்தது. நடுவே இரண்டு இளம் நட்சத்திரங்கள். அவற்றின் இடைவெளி பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 61 மடங்கு. அதே தட்டின் ஓரத்தில், 183 மடங்கு தூரத்தில், மூன்றாவது ஒன்று பிறந்துகொண்டிருந்தது.

ஆகவே, பெரும்பாலும் ஜோடிகள் தனித்தனியே பிறந்து பின்பு சந்தித்தவை அல்ல. ஒரே மேகத்தின் வயிற்றில் கூடப்பிறந்தவை. நம் சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் நூறை எடுத்தால், ஏறக்குறைய 44 நட்சத்திரங்களுக்குத் துணை இருக்கிறது. சூரியனைவிட மிகக் கனமானவற்றுள் தனித்திருப்பதே அரிது.

கூடப்பிறந்த எல்லாம் கூடவே நிலைத்திருக்கின்றனவா என்றால், இல்லை. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுவது நிலையான அமைப்பு. மூன்றாவதும் அதே அளவு நெருக்கத்தில் வந்தால் அமைதி குலைகிறது. ஒன்று மற்றதை இழுக்க, வேகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். முடிவில் ஒன்று, பெரும்பாலும் மிக இலேசானது, வேகம் மிகுந்து வெளியே வீசப்படும். அல்லது வெகு தூரத்துப் பாதைக்குத் தள்ளப்படும். எஞ்சிய இரண்டும் முன்னிலும் நெருங்கிக்கொள்ளும்.

அதனால் நெடுங்காலம் நிலைத்திருக்கும் குடும்பங்கள் ஓர் ஒழுங்கைக் காட்டுகின்றன. ஹெர்ஷல் கண்ட காஸ்டரையே பாருங்கள். அவர் கண்ட இரண்டும் உண்மையில் இரண்டிரண்டு நட்சத்திரங்கள் என்பது பின்னர் நிறமாலை ஆய்வினால் தெரியவந்தது. ஒரு ஜோடி 9 நாளுக்கு ஒருமுறையும், மற்ற ஜோடி 3 நாளுக்குள்ளும் சுற்றுகின்றன. இந்த இரு ஜோடிகளும் ஒன்றையொன்று 450 ஆண்டில் சுற்றுகின்றன. தொலைவில் மூன்றாவது ஜோடி ஒன்று, ஒரு நாளுக்குள்ளேயே தமக்குள் சுற்றிக்கொண்டு, மற்ற நான்கையும் பல்லாயிரம் ஆண்டுகளில் வலம் வருகிறது. ஆக மொத்தம் ஆறு. நெருங்கியவை மிக நெருங்கியும், விலகியவை மிக விலகியும் இருப்பதால் ஒன்றின் இழுப்பு மற்றதைக் குலைப்பதில்லை. தாய் தந்தையர் ஓர் அறையிலும், மணமான மகன் குடும்பம் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டைப் போன்றது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் விளங்கிக்கொள்வீர்கள்.

மிக நெருங்கிய ஜோடிகளில் இன்னொன்றும் நடக்கிறது. யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்னும் பதினெட்டு வயது இளைஞர், சிறுவயதிலேயே செவிப்புலன் இழந்தவர், 1782 முதல் ஆல்கோல் என்னும் நட்சத்திரத்தைக் கவனித்தார். 3 நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அது தவறாமல் மங்குவதைக் கண்டு, இருண்ட பொருள் ஒன்று அதன் முன்னே கடந்து மறைக்கலாம் என்று 1783-இல் எழுதினார். அந்தக் கருத்து சரியென்று நூறாண்டு கழித்து நிறமாலை காட்டியது. ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. கனமான நட்சத்திரமே முதலில் முதுமை அடையும். ஆல்கோலிலோ, இலேசானதே முதுமையுற்று வீங்கியிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் விடை கிடைத்தது. இலேசானது ஒரு காலத்தில் கனமானதாய் இருந்தது. அது முதுமையில் வீங்கியபோது, அதன் வெளிப்புற வாயு துணையின் ஈர்ப்பினால் அதன்மேல் வழிந்து சென்றது. கொடுத்தது சிறுகியது, பெற்றது பெருகியது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அறுமீன் கட்டுண்டதா? ஆம், மிச்செல் சொன்னபடி அது மெய்யான கூட்டமே. ஏறக்குறைய 440 ஒளியாண்டு தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் ஒரே மேகத்தில் பிறந்து ஒன்றாகப் பயணம் செய்கின்றன. ஆனால் அந்தக் கட்டு தளர்வானது. அதன் நட்சத்திரங்கள் தங்களுக்குள் இழுத்துக்கொள்வதாலும், பால்வீதியின் ஈர்ப்பாலும், ஒவ்வொன்றாய்ப் பிரிந்து போகின்றன. இன்னும் ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளில் கூட்டம் முற்றிலும் கலைந்துவிடும் என்று கணிக்கிறார்கள். அந்த ஆசிரியர் சொன்னது சரி.

மிருகசீரிஷம் கட்டவிழ்ந்ததா? அதன் இடைக்கச்சையில் வரிசையாய்த் தெரியும் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு ஜோடியைப் போலச் சுற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் அவற்றில் இரண்டு, ஒவ்வொன்றும் தன்னளவில் பல நட்சத்திரங்கள் இறுகக் கட்டுண்ட குடும்பமாக இருக்கிறது. எனவே அந்தச் செய்தியின் இரண்டு பாதியும் நிற்பதில்லை.

இங்கே எனக்கு ஒரு சோதனையும் வந்தது என்று சொல்லவேண்டும். 1954-இல் ப்ளாவ், மார்கன் என்னும் இருவர், வானத்தில் எதிரெதிர்த் திசைகளில் வினாடிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இரண்டு நட்சத்திரங்களின் பாதையைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்று, இரண்டும் மிருகசீரிஷப் பகுதியிலிருந்து புறப்பட்டவை என்று காட்டினர். சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன், நெருக்கமான நட்சத்திரங்களின் மோதலில் அவை வீசப்பட்டிருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது. இதைப் படித்தவுடன், "பாருங்கள், மிருகசீரிஷத்தின் கட்டு அவிழ்ந்ததே!" என்று எழுத என் கை துடித்தது. இருபது ஆண்டுக்கு முன் நான் செய்த தவறு அதுவேதான். வேண்டிய சான்றை எடுத்துக்கொண்டு, வேண்டாததைக் கண்டும் காணாமல் விடுவது. அதனால் அந்த வரியை எழுதி, அடித்துவிட்டேன்.

அந்த வசனம் யாரிடம் கேட்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனிடம். கட்டுகள் அவிழ்வது என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாய்த் தெரியும். அவனுடைய நண்பர்கள் அதற்குமுன் அதிகாரம் அதிகாரமாக, தங்களுக்குத் தெரியாதவற்றைத் தெரிந்ததுபோல் பேசினார்கள். தேவனுக்காக வாதாடுவதாகவே அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். புத்தகத்தின் முடிவில் தேவன் கடிந்துகொண்டது அவர்களைத்தான். தேவனுடைய பட்சத்தில் நின்றுகொண்டே நிதானமற்றதைப் பேச முடியும் என்பதை நான் என் பிரசங்கத்தில் மெய்ப்பித்தேன். நம்முடைய தேவனுக்கு நம் பொய்யின் முட்டு தேவையில்லை.

கடைசியாக ஒன்று. புதுச்சேரியில் குருவானவர் ரிஷோ இரண்டாகக் கண்ட ஆல்பா சென்டாரியை நீங்களும் காணலாம். மே மாத இரவுகளில், தெற்கு அடிவானம் மறைக்கப்படாத இடத்தில் நின்று பாருங்கள். பிரகாசமாய் இரண்டு நட்சத்திரங்கள் தாழ்வாகத் தெரியும்; அவற்றுள் இடப்பக்கம், அதாவது கிழக்கே இருப்பது அது. வலப்பக்கத்தது வெகு தொலைவில் உள்ள வேறொன்று, தற்செயலாக அருகே தெரிவது. ஆல்பா சென்டாரியின் இரண்டு நட்சத்திரங்களும் ஏறக்குறைய 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. 1915-இல் ஜொகானஸ்பர்க் நகரில் ராபர்ட் இன்னஸ் அதன் அருகே ஒரு மங்கிய செந்நிற நட்சத்திரத்தைக் கண்டார். பிராக்ஸிமா என்று அதற்குப் பெயர். அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா, அல்லது வழிப்போக்கனா? நூறாண்டுக்கு மேல் உறுதியான விடை இல்லை. 2017-இல்தான் அதன் வேகத்தை நுட்பமாய் அளந்து, குடும்பத்தின் ஈர்ப்பை விட்டுத் தப்பிச்செல்ல அந்த வேகம் போதாது என்று காட்டினார்கள். அது குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய 5,50,000 ஆண்டுகள் ஆகும். விடை தெரியும்வரை பொறுத்திருந்த அந்த நூறாண்டும் வீணல்ல.

அந்தத் தம்பிக்கு என் மறுமொழி இது: தம்பி, அது மெய்யல்ல. அதை உங்களுக்கு அனுப்பியவரிடம் கனிவோடு சொல்லுங்கள். நானும் ஒருகாலத்தில் அதை நம்பிப் பிரசங்கித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சபையாரே, பீடத்திலிருந்து நான் சொல்லும் எதையாவது குறித்து உங்களுக்கு ஐயம் எழுந்தால், அந்த ஆசிரியரைப்போல் என்னிடம் வாருங்கள். இம்முறை "பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடமாட்டேன். உங்களோடு உட்கார்ந்து பார்ப்பேன்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.